ஒரே நேரத்தில் நான்கு குரோம்: மண்டப முன்பதிவுத் தளத்தின் சோதனைகளைப் பிரித்து ஓட்டிய கதை

எங்களிடம் இருப்பது கல்யாண மண்டப முன்பதிவுக்கான ஒரு தளம். பின்னால் ஜாங்கோ (பைதானில் எழுதிய வலைச் சட்டகம்), போஸ்ட்கிரஸ் (தரவுத்தளம்), கொஞ்சம் ரெடிஸ் (தற்காலிகத் தரவை நினைவகத்தில் வைக்கும் கிடங்கு). பிரவுசர் சோதனைகள், பைதான் சோதனைகளை ஓட்டும் பைடெஸ்டையும் பிரவுசரை நிரலால் இயக்கும் செலினியத்தையும் வைத்து எழுதப்பட்டவை. மண்டபம் தேடுவது, தேதி பார்ப்பது, முன்பணம் கட்டுவது, ரசீது இறக்குவது, ரத்து செய்வது என எல்லாவற்றையும் ஒரு குரோம் விண்டோ ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகாட்டும். முழுதாக முடிய முக்கால் மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் எடுக்கும் சோதனையை மெர்ஜ் செய்வதற்கு (புதிய கோடைப் பொதுக் கோடோடு சேர்ப்பதற்கு) முன்னால் யாரும் ஓட்டுவதில்லை. ராத்திரி ஓடவிட்டு, காலையில் சிவப்புக் கோடுகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. ஆகவே வேலை இதுதான்: நான்கைந்து விண்டோக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு இந்த நேரத்தைக் குறைக்க வேண்டும்.

தொடங்குவது சுலபம். பைடெஸ்டுக்கு எக்ஸ்டிஸ்ட் என்றொரு செருகுநிரல் இருக்கிறது. அதை நிறுவி, கட்டளையில் எத்தனை வொர்க்கர் வேண்டும் என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும். அத்தனை தனித்தனி பைதான் புராசஸ்கள் கிளம்பும். சோதனைகளைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஜிடபிள்யூ0, ஜிடபிள்யூ1 என்று பெயர் இருக்கும். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லா இடத்திலும் அதுதான் கைகொடுக்கப் போகிறது.

செலினியம் பிரவுசரோடு பேசப் பயன்படுத்தும் வெப்டிரைவர் தரத்தின் பக்கத்திலும் இதற்குத் தடை இல்லை. 2018-இல் டபிள்யூ3சி (வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பு) பரிந்துரையாக வெளிவந்த அந்தத் தரத்தின்படி, திறக்கும் ஒவ்வொரு பிரவுசரும் ஒரு செஷன்; அதற்கென ஓர் அடையாளம்; கட்டளைகள் எல்லாம் அந்த அடையாளத்தோடு எச்டிடிபி வழியாகப் போகின்றன. நான்கு செஷன் இருந்தால் நான்கு அடையாளம், அவ்வளவுதான். ஒரே டிரைவரை (ஒரு செஷனை இயக்கும் நிரல் பொருளை) இரண்டு த்ரெட்கள் (ஒரே புராசஸுக்குள் இணையாக ஓடும் இழைகள்) பிடித்து இழுக்கக் கூடாது என்பது மட்டும் விதி. எக்ஸ்டிஸ்ட் த்ரெட்களை நம்பாமல் தனிப் புராசஸ்களாகவே ஓடுவதால் அந்தச் சிக்கல் நமக்கு வராது.

எண் நான்கு என்று கொடுத்து ஓட்டியதும் ஒரு விண்டோ திறந்தது. மற்ற மூன்றும் செஷனை உருவாக்கவே முடியவில்லை என்று விழுந்தன. காரணம், பழைய கோடில் குரோமுக்கு ஒரு நிரந்தர புரொஃபைல் ஃபோல்டர் கொடுக்கப்பட்டிருந்தது. ஒருமுறை லாகின் செய்தால் அடுத்தடுத்த சோதனைகளுக்கும் அது நிற்கும் என்பதற்கான குறுக்குவழி. ஆனால் ஒரு புரொஃபைலை ஒரு குரோம்தான் வைத்திருக்க முடியும். அந்த அமைப்பை எடுத்துவிட்டால், செலினியத்துக்கும் குரோமுக்கும் நடுவே நிற்கும் குரோம்டிரைவர் ஒவ்வொரு செஷனுக்கும் தானே ஒரு தற்காலிக புரொஃபைலை உருவாக்கிக்கொள்ளும். எடுத்துவிட்டேன்.

அப்படியானால் லாகினுக்கு என்ன செய்வது? ஒவ்வொரு சோதனையும் லாகின் பக்கத்தில் பெயரும் கடவுச்சொல்லும் தட்டிக்கொண்டிருந்தால் மிச்சம் பிடித்த நேரம் அதிலேயே போய்விடும். பிரவுசர் இல்லாமலே கோரிக்கை அனுப்பும் ஜாங்கோவின் டெஸ்ட் கிளையண்ட் வழியாகப் பின்புறத்திலேயே லாகின் செய்து, கிடைத்த செஷன் குக்கியை (லாகின் ஆனவர் என்பதற்கான அடையாளத்தை) குரோமில் வைத்துவிட்டேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. குக்கியை வைப்பதற்கு முன் அந்தத் தளத்தின் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்திருக்க வேண்டும். வெற்றுப் பக்கத்தில் நின்றுகொண்டு வைத்தால் டொமைன் சரியில்லை என்று மறுத்துவிடும். நான் கனம் குறைந்த ஒரு நிலையான பக்கத்தைத் திறந்துவிட்டுக் குக்கியை வைக்கிறேன். லாகின் பக்கத்தையே பரிசோதிக்கும் சோதனைகள் மட்டும் பழையபடி தட்டச்சு செய்கின்றன.

நான்கு விண்டோக்களும் திறந்தன. அதற்கு முன் எக்ஸ்டிஸ்ட் ஒரு விநோதமான புகாரைச் சொல்லி நின்றது: வொர்க்கர்கள் திரட்டிய சோதனைப் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையாம். தேடிப் பார்த்தால், ஒரு சோதனைக்கான உள்ளீடுகள் பைதான் செட்டில் இருந்தன. சரங்களின் ஹாஷ் புராசஸுக்குப் புராசஸ் மாறுவதால் செட்டின் வரிசையும் மாறும். எக்ஸ்டிஸ்டுக்கோ எல்லா வொர்க்கரிடமும் பட்டியல் ஒரே வரிசையில் இருந்தாக வேண்டும். செட்டை லிஸ்டாக மாற்றியதும் அடங்கியது.

எல்லோருக்கும் அதே முகூர்த்தம்

விண்டோக்கள் திறந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. முன்பதிவுச் சோதனைகள் பெரும்பாலானவை ஒரே மண்டபத்தில் ஒரே தை முகூர்த்தத்தைப் பதிவு செய்பவை. தனியாக ஓடும்போது பதிவு செய்யும், சரிபார்க்கும், ரத்து செய்யும், அடுத்த சோதனைக்கு நாளை விட்டுக்கொடுக்கும். நான்கு பேர் ஒரே ஸ்டேஜிங் சர்வரில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைச் சர்வரில்) அந்த நாளுக்கு அடித்துக்கொண்டால் ஒருவருக்குக் கிடைக்கும், மூவர் தோற்பார்கள். யார் தோற்பார்கள் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். தோற்ற சோதனையை மறுபடி ஓட்டிக்கொள்ளும் செருகுநிரல் ஒன்று எங்கள் அமைப்பில் இருந்தது. முதலில் அதை அணைத்தேன். அது இருந்தால் இந்த மோதல்கள் எல்லாம் பச்சையாகிக் கண்ணில் படாமலே போயிருக்கும்.

ஜிடபிள்யூ0-க்குத் தை, ஜிடபிள்யூ1-க்கு மாசி என்று மாதம் பிரித்துக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். நடைமுறையில் இது சாத்தியம்தான். பொதுச் சர்வரில் ஓட்டியே தீர வேண்டியவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். (மார்கழி கிடைத்த வொர்க்கர் பாவம்.) ஆனால் எங்கள் சோதனைகளில் சில, 'இந்த வாரத்தில் மொத்தம் எத்தனை பதிவு' என்று எண்ணிப் பார்ப்பவை. மாதத்தைப் பிரித்தாலும் அவற்றுக்கு அடுத்தவர் பதிவு கண்ணில் படும். ஆகவே தரவுத்தளத்தையே பிரிப்பது என்று முடிவு செய்தேன்.

பைடெஸ்ட்-ஜாங்கோ என்ற செருகுநிரல் இதைத் தானாகவே செய்யும். எக்ஸ்டிஸ்டோடு ஓடும்போது ஒவ்வொரு வொர்க்கருக்கும் அதன் பெயரை வாலாக ஒட்டி ஒரு தனிச் சோதனைத் தரவுத்தளத்தை உருவாக்கும். லைவ் சர்வர் என்ற ஃபிக்ஸ்சரை, அதாவது சோதனைக்கு வேண்டியதை முன்கூட்டியே தயார் செய்துதரும் துணைப் பகுதியை, பயன்படுத்தினால் ஒவ்வொரு வொர்க்கருக்குள்ளும் ஒரு ஜாங்கோ சர்வர், காலியாக இருக்கும் ஏதாவதொரு போர்ட்டில் எழும். ஆக நான்கு குரோம், நான்கு சர்வர், நான்கு தரவுத்தளம். முகூர்த்தச் சண்டை அன்றோடு தீர்ந்தது.

தீர்ந்த இடத்தில் இன்னொன்று முளைத்தது. மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒவ்வொரு வொர்க்கரிலும் முதல் சோதனைக்கு மட்டும் நிறைந்து இருந்தது, இரண்டாவதிலிருந்து காலி. லைவ் சர்வரோடு ஓடும் சோதனையில் பிரவுசரின் கோரிக்கைகள் வேறொரு த்ரெட்டில் கையாளப்படுவதால், டிரான்ஸாக்‌ஷனைத் திருப்பிவிட்டு எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வித்தை இங்கே செல்லாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு சோதனை முடிந்ததும் டேபிள்கள் மொத்தமாகத் துடைக்கப்படும். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களும் மைக்ரேஷன் (தரவுத்தளத்தை அமைக்கும்போது ஒருமுறை ஓடும் நிரல்) வழியாக ஏற்றப்பட்டவை என்பதால் அவையும் சேர்ந்து துடைபட்டன. ஆரம்பத் தரவை நினைவில் வைத்துத் திரும்ப ஏற்றும் வசதி ஜாங்கோவில் உண்டு, ஆனால் வேகம் குறையும். நான் மாவட்டங்களை ஏற்றும் ஒரு சிறிய ஃபிக்ஸ்சரை எழுதி, தேவைப்படும் சோதனைகளுக்கு மட்டும் கொடுத்தேன்.

தரவுத்தளத்துக்கு வெளியே இருந்த பொதுச் சொத்துகள்

தரவுத்தளம் பிரிந்துவிட்டால் எல்லாம் பிரிந்துவிட்டதாகத் தோன்றும். அதற்குப் பிறகும் எப்போதாவது ஒன்று விழுந்துகொண்டே இருந்தது. விழுந்த ஒவ்வொன்றும், நான்கு வொர்க்கரும் இன்னும் எதையோ பொதுவில் வைத்திருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்தது.

முதலில் ரெடிஸ். தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அந்த ஐபி முகவரியைச் சிறிது நேரம் தடுத்துவைப்பது எங்கள் தளத்தின் வழக்கம். அந்தக் கணக்கு ரெடிஸில் இருக்கிறது. நான்கு விண்டோக்களின் ஐபியும் ஒன்றுதான், அந்தக் கணினியேதான். ஒரு வொர்க்கர் 'தடுப்பு வேலை செய்கிறதா' என்று பரிசோதித்த கணத்தில் மற்ற மூன்று வொர்க்கரின் லாகின் சோதனைகளும் வாசலிலேயே நிறுத்தப்பட்டன. ரெடிஸில் இயல்பாகவே 0 முதல் 15 வரை 16 தரவுத்தளங்கள் உண்டு. வொர்க்கர் பெயரில் உள்ள எண்ணையே ரெடிஸ் தரவுத்தள எண்ணாகக் கொடுத்ததில் இது முடிந்தது.

அடுத்தது மின்னஞ்சல். அனுப்பும் அஞ்சல்களைப் பிடித்துவைக்க மெயில்பிட் என்ற உள்ளூர் அஞ்சல் பெட்டி ஓடுகிறது. பழைய சோதனைகள் 'கடைசியாக வந்த அஞ்சலை எடு' என்று எழுதப்பட்டிருந்தன. நான்கு பேர் எழுதும் பெட்டியில் கடைசி அஞ்சல் யாருடையது என்று எப்படித் தெரியும்? ஒரு சோதனை அடுத்தவரின் உறுதிப்படுத்தும் இணைப்பைச் சொடுக்கிவிட்டு, பக்கம் இல்லை என்று அழுதது. இப்போது ஒவ்வொரு சோதனையும் தனக்கென ஒரு புதிய முகவரியை உருவாக்கி, அந்தப் பெறுநர் பெயரைக் கொண்டே அஞ்சலைத் தேடுகிறது.

ரசீது இறக்கும் சோதனைகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் ஒரே கோப்புப் பெயரில் இறக்கின. இரண்டாவதாக வந்ததற்குக் குரோம் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்துவிடும். சோதனை பழைய பெயரைத் திறந்து அடுத்தவர் ரசீதைப் படிக்கும். வொர்க்கருக்கு ஒரு ஃபோல்டர் கொடுத்தேன். கூடவே, குரோமின் தற்காலிக இறக்கக் கோப்பு மறையும்வரை காத்திருக்கவும் சொன்னேன்.

கிளிப்போர்டு மட்டும் பிரிக்க மறுத்தது. 'இணைப்பை நகலெடு' பொத்தானைச் சோதிக்கும் இரண்டு மூன்று சோதனைகள் உண்டு. ஒரே டெஸ்க்டாப்பில் திறந்திருக்கும் எல்லா விண்டோக்களுக்கும் கிளிப்போர்டு ஒன்றுதான். லினக்ஸில் வொர்க்கருக்கு ஓர் எக்ஸ்விஎஃப்பி மெய்நிகர் திரை கொடுத்தால் கிளிப்போர்டும் தனியாகிவிடும். இரண்டு மூன்று சோதனைகளுக்காக அத்தனை ஏற்பாடு எனக்குப் பெரிதாகப் பட்டது. எக்ஸ்டிஸ்டில் சோதனைகளுக்குக் குழுப் பெயர் கொடுத்து, பங்கு போடும் முறையையும் குழுவாரியாக மாற்றினால், ஒரு குழுவில் உள்ளவை எல்லாம் ஒரே வொர்க்கரில் வரிசையாக ஓடும். கிளிப்போர்டுச் சோதனைகள் அப்படி ஒரு குழுவாகிவிட்டன.

மறைந்துபோன விண்டோ தூங்கிவிடும்

ஹெட்லெஸ்ஸாக, அதாவது திரையில் எதுவும் காட்டாமல் ஓட்டும்போது எல்லாம் பச்சை. பிழையைக் கண்ணால் பார்க்கலாம் என்று விண்டோக்களைத் திரையில் காட்டி ஓட்டினால், முன்பணம் கட்டுவதற்கான கவுண்ட்டவுனும் தேதிப் பலகையின் அசைவும் தொடர்பான சோதனைகள் நேரம் கடந்து விழுந்தன. அதுவும் மற்றொரு விண்டோவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவை மட்டும்.

இது குரோம் தெரிந்தே செய்வது. பயனர் பார்க்காத பக்கத்துக்கு எதற்கு மின்சாரம் என்பது அதன் வாதம். மறைந்த பக்கத்தில் டைமர்கள் நொடிக்கு ஒருமுறைக்கு மேல் ஓடாது. 2021-இல் வந்த 88-ஆம் பதிப்பிலிருந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தில் பல நேரங்களில் நிமிடத்துக்கு ஒருமுறைதான். அனிமேஷன் ஃபிரேம் கேட்கும் கோரிக்கைகளோ நின்றே போய்விடும். விண்டோஸிலும் மேக்கிலும் இன்னொரு விண்டோ முழுதாக மூடிவிட்டாலே அதை மறைந்த பக்கமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இதை அணைக்கக் குரோமில் மூன்று தொடக்க அமைப்புகள் உண்டு: பின்னணி டைமரைக் குறைக்காதே, மூடப்பட்ட விண்டோவைப் பின்னணிக்குத் தள்ளாதே, ரெண்டரரின் (பக்கத்தை வரையும் புராசஸின்) முன்னுரிமையை இறக்காதே. செலினியத்தைப் போன்ற கருவிகளான பப்பெட்டியரும் ப்ளேரைட்டும் குரோமியத்தை (குரோமின் திறந்த மூல அடிப்படையை) தொடங்கும்போதே இவற்றைக் கொடுத்துவிடுகின்றன. செலினியத்தில் நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னதும் கவுண்ட்டவுன் சரியாக ஓடியது. ஃபோகஸ் சண்டை மட்டும் மிச்சம்: ஊர்ப் பெயரைத் தட்டும்போது இறங்கும் பரிந்துரைப் பட்டியல், வேறொரு விண்டோ புதிதாகத் திறந்து முன்னால் வந்தால் மூடிக்கொள்கிறது. அதற்காக நான் மெனக்கெடவில்லை. திரையில் பார்க்க வேண்டுமானால் ஒரே வொர்க்கர், இணையாக ஓட்ட வேண்டுமானால் ஹெட்லெஸ் என்று குழுவில் பேசிவைத்துக்கொண்டோம்.

ஒரே சோதனைக்குள் இரண்டு விண்டோ

இதுவரை சொன்னது தனித்தனிச் சோதனைகள் தனித்தனி விண்டோவில் ஓடுவது. ஒரு சோதனைக்கே இரண்டு விண்டோ தேவைப்படும் இடங்களும் உண்டு. எங்கள் தளத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. இரண்டு குடும்பங்கள் ஒரே நாளை ஒரே நேரத்தில் உறுதி செய்தால் என்ன நடக்கும்?

செலினியம் 4-இல் புதிய டேப் அல்லது விண்டோவைத் திறக்கும் கட்டளை இருக்கிறது. ஆனால் அது அதே செஷனுக்குள் திறப்பதால் குக்கிகள் பொது. இரண்டிலும் அதே ஆள்தான் லாகின் ஆகியிருப்பார். ஒரே வாடிக்கையாளர் இரண்டு டேப்பில் குழப்பிக்கொள்வதைச் சோதிக்க அது சரி. (விண்டோ அடையாளங்களின் பட்டியல் இந்த வரிசையில்தான் வரும் என்று தரம் உறுதி தருவதில்லை. 'கடைசியில் இருப்பதுதான் புதியது' என்று நம்பாமல், திறப்பதற்கு முன்னும் பின்னும் பட்டியலை ஒப்பிட்டு எது புதிது என்று பாருங்கள்.) இரண்டு வெவ்வேறு வாடிக்கையாளர் வேண்டுமென்றால் இரண்டு டிரைவர்தான். ப்ளேரைட்டில் ஒரே பிரவுசருக்குள் தனித்தனிக் குக்கியோடு கான்டெக்ஸ்ட்களைத் திறக்கலாம், செலவும் குறைவு. புதிதாக ஆரம்பிப்பவராக இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

இரண்டு டிரைவர், இரண்டு த்ரெட், நடுவில் பைதானின் பேரியர். இருவரும் உறுதிப் பொத்தான்வரை வந்து காத்திருந்து, சேர்ந்து அழுத்த வேண்டும். அழுத்தியதில் சில நேரம் ஒருவருக்கு மறுப்பு வந்தது, சில நேரம் இருவருக்குமே 'வாழ்த்துகள், மண்டபம் உங்களுக்கு' என்று வந்தது. தளத்தின் கோடு முதலில் நாள் காலியா என்று பார்க்கிறது, பிறகு எழுதுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள மில்லிநொடிகளில் இன்னொருவர் நுழைந்துவிடுகிறார்.

மண்டபமும் தேதியும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று யுனிக் கட்டுப்பாடு போட்டால் முடிந்தது என்று சொல்லலாம். ஆனால் மண்டபம் யாரும் தேதிக் கணக்கில் எடுப்பதில்லை. முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குச் சாவியை ஒப்படைப்பது என்று இரண்டு தேதிகளில் பரவிக் கிடக்கும். எனவே தொடக்கமும் முடிவும் சேர்ந்த ஒரு நேர வரம்பாக அதைச் சேமித்து, போஸ்ட்கிரஸின் எக்ஸ்க்ளூஷன் கட்டுப்பாட்டைப் போட்டேன்: மண்டபம் ஒன்றாக இருந்து நேர வரம்பும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் எழுதவிடாதே. மண்டப எண்ணின் சமநிலையையும் இதே இண்டெக்ஸில் சேர்க்க பிட்ரீ-ஜிஸ்ட் நீட்சி தேவை. வரம்பின் முடிவை உள்ளடக்காமல் வைத்தால், மூன்று மணிக்கு ஒரு குடும்பம் கிளம்பி அதே மூன்று மணிக்கு அடுத்தவர் வருவது மோதலாகாது. ரத்தான பதிவுகளுக்குக் கட்டுப்பாடு பொருந்தாது என்று ஒரு நிபந்தனையும் வேண்டும். ஜாங்கோ 3.0 முதல் இதை மாடலிலேயே எழுதிவிடலாம்.

அதன் பிறகு பேரியர் சோதனையைத் தூக்கிவிட்டேன். கிளிக் என்பது குரோம்டிரைவர் வழியாகப் போய், உறுப்பைத் திரைக்குள் கொண்டுவந்து, பிறகு அழுத்துவது. இரண்டு கிளிக்கும் சர்வரில் ஒரே கணத்தில் விழும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. போட்டி நிலையைத் தரவுத்தள அளவில் இரண்டு இணைப்புகளைத் திறந்து சோதிப்பதே நம்பகமானது, வேகமும் கூட. பிரவுசர் சோதனைக்கு விட்டது வேறொன்று: இருவரும் பக்கத்தைத் திறந்து வைத்திருக்க, ஒருவர் உறுதி செய்த பின் மற்றவர் அழுத்தினால் அவர் திரையில் என்ன தெரிகிறது? கட்டுப்பாடு போட்ட முதல் நாள் தெரிந்தது, சர்வர் பிழை 500. இப்போது 'இந்த நேரம் சற்று முன்பு பதிவாகிவிட்டது' என்ற செய்தியும், அருகில் உள்ள காலி நாட்களும் தெரிகின்றன.

எத்தனை விண்டோ?

என் மடிக்கணினியில் எட்டு லாஜிக்கல் கோர், 16 ஜிபி நினைவகம். நான்கு வொர்க்கரில் முக்கால் மணி நேரம் பதின்மூன்று நிமிடத்துக்கு அருகில் வந்தது. ஆறில் கொஞ்சம் குறைந்தது. எட்டில் காத்திருப்பு நேரம் கடந்து சோதனைகள் விழ ஆரம்பித்தன. ஒரு குரோம் என்பதே பிரவுசர், ஜிபியு, நெட்வொர்க், ரெண்டரர் என்று பல புராசஸ்கள். அதே கணினியில் சர்வர்களும் போஸ்ட்கிரஸும் வேறு ஓடுகின்றன. ப்ளேரைட் இயல்பாகவே லாஜிக்கல் கோர்களில் பாதியைத்தான் வொர்க்கராக எடுக்கிறது. நானும் நான்கிலேயே நிறுத்திக்கொண்டேன்.

விண்டோ எண்ணிக்கையைவிடப் பங்கு போடும் முறை அதிகம் உதவியது. கோப்புவாரியாகப் பங்கு போட்டபோது முன்பணக் கோப்பு ஒரு வொர்க்கரிடம் மாட்டி, மற்ற மூன்றும் சும்மா இருக்க அது தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பைடெஸ்டில் மிக மெதுவான சோதனைகளைப் பட்டியலிடச் சொல்லி, அந்தக் கோப்பை உடைத்தேன். கூடவே மறைமுகக் காத்திருப்பையும் (எந்த உறுப்பைத் தேடினாலும் பொதுவாகக் காத்திருப்பது) வெளிப்படைக் காத்திருப்பையும் (குறிப்பிட்ட நிபந்தனை நிறைவேறும்வரை காத்திருப்பது) கலந்து வைத்திருந்த இடங்களில் மறைமுகத்தை நீக்கினேன். இரண்டும் கலந்தால் காத்திருக்கும் நேரம் கணிக்க முடியாமல் நீளும் என்று செலினியம் ஆவணமே எச்சரிக்கிறது.

சிஐ சர்வரில் (சோதனைகளைத் தானாக ஓட்டும் சர்வரில்) டாக்கருக்குள், அதாவது தனிமைப்படுத்திய கன்டெய்னருக்குள், ஓட்டும்போது இரண்டு விஷயம். கன்டெய்னருக்கு இயல்பாகக் கிடைக்கும் பகிர்வு நினைவகம் 64 எம்பிதான். பல குரோம்கள் ஓடினால் டேப் பாதியில் செத்துவிடும். அதை 2 ஜிபியாக உயர்த்தினேன். இன்னொன்று, தோற்ற சோதனைகளின் ஸ்கிரீன்ஷாட்டில் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. கன்டெய்னர் எழும் அச்சான இமேஜில் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ எழுத்துருக்களை நிறுவியதும் சரியானது. ஸ்கிரீன்ஷாட்டின் கோப்புப் பெயரில் வொர்க்கர் பெயரையும் சேருங்கள். இல்லாவிட்டால் ஒருவர் படத்தை அடுத்தவர் அழித்துவிடுவார். சோதனை முடிவில் விண்டோவை மட்டும் மூடாமல் செஷனையே முடிக்கும் கட்டளையைக் கொடுங்கள். முதலாவதை மட்டும் செய்தால் குரோம்டிரைவர் பின்னணியில் தங்கிவிடும். நான்கு நான்காகச் சேரும்.

சஃபாரி இந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. ஆப்பிளின் சஃபாரிடிரைவர் ஒரு நேரத்தில் ஒரு செஷனுக்குத்தான் இடம் தரும். முன்பதிவு, கட்டணம், ரசீது என்ற மூன்று பாதைகளை மட்டும் தனியாகக் குறியிட்டு, அலுவலக மேக்கில் ராத்திரியில் ஒற்றை வொர்க்கரில் ஓடவிட்டிருக்கிறோம்.